முதல் வரியை முன்கூட்டியே எழுதியவர்

என் பெரியப்பா கடிதம் எழுத உட்கார்ந்தால் முதல் வரியை யாரையும் கேட்காமலேயே எழுதிவிடுவார். 'இவ்விடம் அனைவரும் சுகம். அவ்விடத்துச் சுகம் அறிய ஆவல்.' எழுதி, மையொற்றும் தாளை அதன்மேல் வைத்து அழுத்தி, காய்ந்துவிட்டதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்த பிறகுதான் அம்மாவிடம், "ம், சொல்லு, என்ன எழுதணும்?" என்பார். யாருக்கு என்ன என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே வீட்டில் எல்லாரையும் சுகப்படுத்திவிடும் திறமை அவருக்கு இருந்தது. எந்த டாக்டருக்கும் அது வாய்க்காது.

'அவர்' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். மரியாதையைக் குறைத்து எழுத என் கை பழகவில்லை. மனசு எப்போதோ பழகிவிட்டது.

அறுபதுகளில் நாங்கள் அந்தமான் தீவில், மாயாபந்தரில் இருந்தோம். பெரியப்பா அங்கே ஓர் அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தர். வங்காளிகள், தெலுங்கர்கள், காட்டு வேலைக்கு வந்த ராஞ்சிக்காரர்கள் எல்லாருக்கும் அவர் 'படே பாபு'. அப்பா வெளிநாடுகளுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் கப்பல் ஒன்றில் டெக்கில் வேலை பார்த்தார். ஏறினால் இறங்கப் பத்து மாதம், ஒரு வருஷம் ஆகும். தூத்துக்குடியில் எங்களைத் தனியாக விட மனமில்லாமல், அண்ணன் பொறுப்பில் இருக்கட்டும் என்று என்னையும் அம்மாவையும் தீவுக்கு அனுப்பிவைத்தார். பெரியப்பாவின் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஓர் அறையும் அடுப்படியும் எங்களுக்கு. அவருக்கும் சேர்த்து அம்மாதான் சமைத்தாள். பெரியம்மா தீவுக்கு வரவே மாட்டேன் என்று ஊரிலேயே இருந்துவிட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் 'அடுத்த கப்பல்ல வாரா' என்று பெரியப்பா ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவோடு எங்களுக்கு இருந்த தொடர்பு முழுக்க இவர் கைவழியாகத்தான் போய்வந்தது. கப்பல் இன்று ஒரு துறைமுகம், அடுத்த வாரம் இன்னொன்று. நாங்கள் எழுதுவது கல்கத்தாவில் இருந்த கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து கப்பல் தொடும் ஊருக்கு அனுப்பப்படும். அந்த விலாசம் ஆங்கிலத்தில் ஆறு வரி. அது பெரியப்பாவின் ஆபீஸ் டிராயரில் பூட்டிக் கிடந்தது. அப்பா எழுதுவதும் அந்த ஆபீசுக்கே வரும். போர்ட் பிளேரிலிருந்து ஸ்டீமர் வரும் நாளில் தபால் பை வந்துவிடும். சாயங்காலம் பெரியப்பா வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டி, காப்பி குடித்து, துண்டால் வாயைத் துடைத்த பிறகுதான் "தம்பி சிட்டி வந்திருக்கு" என்று கடிதத்தை எடுப்பார். ஸ்டீமரின் ஊதல் கேட்டதிலிருந்து கை ஓடாமல் அடுப்படியில் நிற்கும் அம்மாவை அவர் பார்க்காமல் இல்லை. ஆனாலும் காப்பியை ஆற்றித்தான் குடிப்பார்.

அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அதனால் அவள் சொல்வாள், அவர் எழுதுவார். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அட்டையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு எழுதுவார். கையெழுத்து மணிமணியாக இருக்கும். நான் பின்னால் நின்று, தோளுக்கு மேலாக வாசிப்பேன். அம்மா சொல்வதற்கும் அவர் எழுதுவதற்கும் சம்பந்தம் இல்லை என்று நான் கண்டுபிடித்தது அப்படித்தான்.

ஒரு மே மாதக் காற்றில் எங்கள் கூரைத் தகரம் நான்கு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஒன்று ராஞ்சிக்காரர்களின் குடிசைப் பக்கம் கிடந்து எடுத்தோம்; மற்றவை எந்தக் கடலில் விழுந்தனவோ. எனக்கு நனைந்து காய்ச்சல். அம்மா சொன்னாள், கூரை போய்விட்டது என்று எழுதுங்கள், பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்று எழுதுங்கள் என்று. பெரியப்பா 'ம், ம்' என்று தலையாட்டிக்கொண்டே எழுதினார்: 'இங்கு நல்ல காற்று. வெயிலின் கொடுமை தணிந்துள்ளது. குழந்தை வீட்டிலிருந்து ஓய்வு எடுத்துக்கொள்கிறாள்.' இதில் எந்தச் சொல்லைப் பொய் என்று பிடிப்பது? நான் ஆறாம் வகுப்பில் தேறாமல் போனபோது, 'இவ்வாண்டும் அதே நல்ல ஆசிரியரிடமே படிக்கிறாள்' என்று எழுதினார். அதை வாசித்து நானே சிரித்துவிட்டேன். அந்த வயதில் அது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

இதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். கடலில் இருக்கிறவனுக்குக் கரைச் சங்கடம் எதையும் எழுதக் கூடாது. எழுதினால் மனசு கலங்கும். மனசு கலங்கினால் கால் தடுமாறும். கால் தடுமாறினால் டெக்கிலிருந்து நேரே தண்ணீர். இதற்கு அத்தாட்சியாக ஒரு கதையும் உண்டு. எவனோ ஒரு கப்பல்காரனுக்கு வீட்டிலிருந்து கெட்ட சேதி போயிற்று. அவன் கடிதத்தைக் கையில் பிடித்தபடியே கடலில் விழுந்துவிட்டான். அந்த ஆள் ஒரு தடவை ரங்கூனில் விழுவான், ஒரு தடவை ஏடனில் விழுவான். மனைவி செத்த சேதிக்காக விழுவான், மாடு செத்த சேதிக்காகவும் விழுவான். அவன் பெயரை நான் கேட்டபோது, 'பேர் தெரிஞ்சு நீ என்ன செய்யப்போற?' என்று முறைத்தார். இவ்வளவு கடல் ஞானம் பேசிய மனிதர் மாயாபந்தரிலிருந்து போர்ட் பிளேர் போவதற்குள் பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உயிரை விடுவார்.

ஊரில் அவர் சட்டத்துக்கு நல்ல பெயர். கப்பலில் ஆள் இருந்த இன்னும் மூன்று நான்கு குடும்பங்கள், மேல்விலாசத்தை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ள அவரிடம் வரும். விலாசத்தோடு உள்ளே இருப்பதையும் அவர் சரிபார்த்துக் கொடுப்பார். கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் மீன் விற்ற தெலுங்குக்காரம்மாவின் புருஷன் திடீரென்று செத்துப்போனபோது, கப்பலில் இருந்த மகனுக்குச் சொல்லப் பெரியப்பா விடவே இல்லை. எட்டு மாதம் கழித்து அவன் தகப்பனுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கிக்கொண்டு வந்து இறங்கினான். ஜெட்டியிலேயே சொன்னார்கள். அவன் அந்தச் சட்டையைப் பிரித்து, மடித்து, திரும்பப் பிரித்து, ஸ்டீமர் சரக்கு இறக்கி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். பார்த்தவர்கள், படே பாபு எவ்வளவு பக்குவமாகக் காரியத்தை நடத்தியிருக்கிறார் என்று பேசிக்கொண்டு போனார்கள்.

இந்தச் சட்டத்தில் ஒரே ஒரு விலக்கு இருந்தது. அது அவருடைய முழங்கால். அவருக்கு மூட்டு வலி. வலி என்றால் நடக்க முடியாத வலி இல்லை. பிறர் கவனிக்காதபோது நன்றாகவே நடப்பார். ஆனால் எங்கள் கூரையையும் காய்ச்சலையும் உள்ளே விடாத அந்தக் கடிதங்களில் அவர் முழங்காலுக்கு மட்டும் எப்போதும் இடம் இருந்தது. 'எனக்குத்தான் முட்டு வலி சற்று அதிகம். அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.' அப்பா ஒழுங்காகக் கவலைப்பட்டார். சிங்கப்பூரிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும், அந்தமானுக்கு வரும் கப்பல்களில் ஆள் பிடித்துத் தைலக் குப்பிகளை அனுப்பினார். அவர் முழங்காலைப் பற்றிய சேதியால் எந்தக் கப்பல்காரனும் கடலில் விழவில்லை.

அப்பா கடைசியாக ஏறிப்போய் மூன்று மாதம் ஆகியிருந்தபோது அம்மாவுக்குக் கண்ணில் கோளாறு தொடங்கியது. முதலில் தலைவலி. பிறகு விளக்கைச் சுற்றி வளையம் வளையமாக நிறம் தெரிகிறது என்றாள். பக்கவாட்டில் இருப்பது தெரியாமல் கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். கைக்குப் பக்கத்தில் இருந்த செம்பைத் தட்டிவிட்டாள். அரிசியில் கல் பொறுக்குவது அவளுக்குக் கஷ்டமாகிவிட்டது. பெரியப்பா சோற்றில் கல் கடித்த ஒவ்வொரு தடவையும் அதை வாயிலிருந்து எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி தட்டின் விளிம்பில் வைப்பார். சாப்பிட்டு எழுந்திருக்கும்போது விளிம்பில் மூன்று நான்கு கற்கள் வரிசையாக இருக்கும். என் வாழ்க்கையில் நான் பார்த்த எந்த வசவும் அந்த வரிசையளவுக்குக் கேவலமாக இருந்ததில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் வங்காளி. கண்ணுக்குள்ளே தண்ணீர் சேர்ந்து அழுத்துகிறது, மெயின்லேண்ட் கொண்டு போய் ஆபரேஷன் செய்தாக வேண்டும், மூன்று மாதத்துக்கு மேல் தள்ளாதீர்கள் என்று பெரியப்பாவிடம் இந்தியில் சொன்னார். போன பார்வை திரும்ப வராது, இருக்கிறதைத்தான் காப்பாற்ற முடியும் என்றும் சொன்னார். ஒரே விஷயத்தை அவர் மூன்று விதமாகச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெரியப்பா மூன்றுக்கும் 'டீக் ஹை, டீக் ஹை', சரி, சரி என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் தன் முடிவைச் சொன்னார். ஆபரேஷன் என்பது பெரிய விஷயம். புருஷன் இருக்கும்போது மூத்தவன் முடிவு செய்வது முறையில்லை. தம்பி வரட்டும், வந்து கூட்டிக்கொண்டு போகட்டும். அம்மா அதற்கு ஒத்துக்கொண்டாள். அப்படியானால் அவருக்கு உடனே வரச் சொல்லி எழுதுங்கள் என்றாள். அதெப்படி எழுத முடியும், கடலில் இருக்கிறவன் ஆயிற்றே என்றார் பெரியப்பா. தந்தி அடிக்கலாமே என்று நான் வாயைத் திறந்தேன். தந்தியைப் பார்த்த மாத்திரத்தில் ஒங்கப்பனுக்கு நெஞ்சு நின்றுவிடும் என்றார். ஆக, அப்பா வராமல் எதுவும் செய்ய முடியாது. அப்பாவை வரச் சொல்லவும் முடியாது. இந்த முடிச்சுக்குள் எங்களை உட்கார வைத்துவிட்டு அவர் ஆபீசுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்துக்கும் அம்மா கண்ணைப் பற்றிச் சொன்னாள். நான் வாசித்துவிட்டு, அவர் எழுதவில்லை என்று அவளிடம் சொன்னேன். கடைசியில் அம்மா, புருஷனுக்கு மூத்தவர் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள், கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"அத்தான், கண்ணப் பத்தி எழுதினியளா?"

"ஜாடையா எழுதியிருக்கேன். அவன் புரிஞ்சிக்கிடுவான்."

அந்த ஜாடையை நான் வாசித்திருந்தேன். 'வீட்டில் வெளிச்சம் சற்றுக் குறைவாக இருப்பதாக உன் சம்சாரம் அபிப்பிராயப்படுகிறாள்.' இவ்வளவுதான்.

எழுதி முடித்த கடிதத்தைச் சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டுவது என் வேலை. அடுத்த மாதம், ஒட்டுவதற்கு முன்னால், இன்லேண்ட் லெட்டரின் மடிப்புக்கு உள்பக்கம் அவசர அவசரமாக எழுதினேன்: 'அப்பா, அம்மாவுக்குக் கண் போகிறது. உடனே வாங்க.' ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கடிதத்தைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தார். விரலில் மை. ஈரம் காயாத மடிப்பை மெதுவாகப் பிரித்து வாசித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடிக்கிற ரகம் இல்லை. சவர பிளேடை எடுத்து வந்து அந்த மடிப்பை மட்டும் நேர்கோடாக வெட்டினார். ஆபீஸ் காகிதத்தில் அதே அளவு வெட்டி ஒட்டினார். ஒட்டிய துண்டு வெறுமையாக இருந்தால் தம்பிக்குச் சந்தேகம் வரும் என்று நினைத்தாரோ என்னவோ, அதில் ஒரு வரியும் எழுதினார்: 'குழந்தையின் கையெழுத்து நன்கு முன்னேறி வருகிறது.' பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒங்கப்பன் உசுரோட திரும்பி வரணுமா, வேண்டாமாட்டி?"

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து அப்பா வரும்வரை எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. என் வரி எப்படியோ அவருக்குப் போய்ச் சேர்ந்து, அவர் கால் தடுமாறி விழுவதாகப் பயந்துகொண்டே இருந்தேன். போய்ச் சேராதபடி பெரியப்பா வெட்டிவிட்டாரே என்று சில சமயம் நன்றியாகக்கூட இருந்தது. அந்த நன்றியை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

டாக்டர் மூன்று மாதம் என்றார். எட்டு மாதம் கழித்து, தன் கணக்குப்படி வரவேண்டிய நாளில், அப்பா வந்தார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஜெட்டிக்கு வந்தாள். அதற்குள் இடது கண் முழுக்கப் போயிருந்தது. வலது கண்ணில், நேர் எதிரே கையகலத்துக்குத் தெரியும். அதற்கு வெளியே ஒன்றும் கிடையாது. அந்தக் கையகலத்தை ஸ்டீமரின் படிமேல் வைத்துக்கொண்டு இறங்குகிற ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டிருந்தாள். அப்பாவோ சரக்குப் பக்கத்து வழியாக இறங்கி, சுற்றி வந்து, அவள் தோளுக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கையில் பெரிய அட்டைப்பெட்டி. அம்மா திரும்பவில்லை. அவர் தொண்டையைச் செருமினார். அந்தக் கூச்சலில் அவளுக்கு அது யாருடைய செருமல் என்று தெரியவில்லை.

"என்னட்டி, கோவமா?" என்றார் அப்பா.

அம்மா குரல் வந்த பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். கை முதலில் அட்டைப்பெட்டியில் பட்டது. நான் சொல்லிவிட்டேன். அப்பா, அம்மாவுக்குக் கண்ணு தெரியலை என்றேன். எங்களோடு வந்திருந்த பெரியப்பா உடனே நடுவில் வந்து, முதலில் வீட்டுக்குப் போவோம், காப்பி குடி, மற்றதை அப்புறம் பேசலாம் என்றார். அட்டைப்பெட்டியில் இருந்தது விளக்கு. வெளிச்சம் குறைவு என்று எழுதியிருந்தீர்களே என்று ஜப்பானில் தேடி வாங்கிய, கண்ணைப் பறிக்கிற, அருமையான விளக்கு.

அப்பா அழுதார். மறு கப்பலிலேயே அம்மாவை மதராசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். ஆபரேஷன் செய்தார்கள். வலது கண்ணில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தங்கியது. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் நடமாடுகிற அளவுக்குப் பார்வை இருந்திருக்கும், ஏன் வரவில்லை என்று அந்த டாக்டர் அப்பாவிடம் கேட்டார். திரும்பி வரும் கப்பலில் மூன்று நாளும் அப்பா யாரோடும் பேசவில்லை. மாயாபந்தரில் இறங்கியதும் அண்ணனைச் சட்டையைப் பிடித்து உலுக்கப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அதை ஒவ்வோர் அசைவாக மனசுக்குள் நடத்திப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் மத்தியானம், சாப்பிட்ட பிறகு, வராந்தாவில் அப்பா அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொல்லாம இருந்தது நல்லதாப் போச்சுண்ணே. தெரிஞ்சிருந்தா நடுக்கடல்ல நான் என்ன ஆயிருப்பனோ."

பெரியப்பா முகத்தில் ஒரு பெருமிதமும் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நியாயமாகத் தனக்கு வரவேண்டியது வந்துசேர்ந்த ஆபீசர் மாதிரி தலையை அசைத்தார். அம்மா உள்ளே அடுப்படியில் இருந்தாள். கண் போனபிறகு அவளுக்குக் காது கூர்மையாகிவிட்டது. அப்பாவைப் பற்றி அதுவரை நான் ஒரு குறையும் நினைத்ததில்லை. அந்த மத்தியானத்திலிருந்து என் வெறுப்பை இரண்டு பேருக்குப் பங்கு போட வேண்டியதாயிற்று.

விடுப்பு முடிந்து அப்பா மறுபடி கிளம்பினார். ஜெட்டியில் பெரியப்பா, ஒன்றுக்கும் கவலைப்படாதே, மாதாமாதம் நான் எழுதுகிறேன் என்று அவர் முதுகைத் தட்டினார். அப்போது அம்மா பேசினாள். மூத்தவர் முன்னால், கூலியாட்களும் ஊர்க்காரர்களும் நின்ற இடத்தில், அவள் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"இனிமே அத்தான் எழுத வேண்டாம். என் மவ எழுதுவா. நான் சொன்னத அப்படியே எழுதுவா. விலாசத்த அவட்ட குடுத்துட்டுப் போங்க."

அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் வேறு வழியில்லாமல் சிகரெட் அட்டையைக் கிழித்து விலாசத்தை எழுதி என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போது, நல்லதா எழுதுட்டி என்றார்.

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எதையும் மாற்றவில்லை. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது, கொதிக்கிற வடிகஞ்சி காலில் கொட்டிவிட்டது, சமையலுக்காகப் பிள்ளையின் படிப்பை நிறுத்தியாயிற்று, அடுத்த தடவை ஒரேயடியாக வந்துவிட முடியுமா என்று எழுதினேன். உங்களை வருத்தப்படுத்த இல்லை, நீங்கள் தெரிந்துகொண்டு அங்கே இருந்தால் எனக்குத் தனியாக இருப்பது போல் தோன்றாது, அதற்குத்தான் என்று கடைசியாக எழுதச் சொன்னாள். ஆங்கில விலாசத்தை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து வரைந்து, நானே தபாலாபீசுக்குப் போய்ப் போட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்டீமருக்கும் அம்மா வாசலில் வந்து நின்றாள். பதில் இந்தத் தடவை தன் வீட்டு விலாசத்துக்கு வரும் என்று அவளுக்கு நம்பிக்கை.

இரண்டரை மாதம் கழித்து வந்தது, பெரியப்பாவின் ஆபீசுக்கு. அன்று அவர் காப்பிக்காகக் காத்திருக்கவில்லை. நேரே எங்கள் அறைக்கு வந்து, நின்றபடியே வாசித்தார். 'என் மகள் எழுதிய கடிதம் கிடைத்தது. எல்லா விவரமும் தெரிந்துகொண்டேன். நீ சொல்வதையெல்லாம் இப்படியே அடிக்கடி எழுதச் சொல். உன் நினைவாகவே இருக்கிறேன்' என்று வாசித்தார். அம்மாவின் முகம் மலர்ந்ததை அத்தனை மாதத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். நான் வழக்கம்போல அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

கடிதத்தில் இப்படி இருந்தது. 'அண்ணே, பிள்ளையைக் கடிதம் எழுத விடாதீர்கள். அதை வாசித்துவிட்டு நாலு நாள் என்னால் வேலை பார்க்க முடியவில்லை. நீங்கள் எழுதுவது போதும். இனிமேல் அவளிடமிருந்து வந்தால் நான் பிரிக்கப்போவதில்லை.'

பெரியப்பா நான் நிற்பதைத் தெரிந்துகொண்டார். வாசிப்பது நின்றுவிட்டது. ஊரில் எவருக்கும் கெட்ட சேதி சொல்லத் துணியாத அந்தக் கோழை என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். ஒரு வார்த்தை போதும், அவரும் அப்பாவும் சேர்ந்து இத்தனை வருஷமாகக் கட்டிவைத்தது விழுந்துவிடும்.

"ஏட்டி, நீ பாத்தியா? அப்படியா எழுதியிருக்காவ?" என்று கேட்டாள் அம்மா.

"ஆமாம்மா," என்றேன். "அப்படித்தான் எழுதியிருக்கு."

அதற்குப் பிறகு மாதாமாதம் அம்மா சொன்னாள், நான் எழுதினேன், பிரிக்கப்படாது என்று தெரிந்தே தபாலில் போட்டேன். மாதாமாதம் பெரியப்பா வந்து, அப்பா எழுதாத பதில்களை வாசித்தார். முழங்காலைப் பற்றி ஒரு சொல் இல்லாமல், நன்றாகவே வாசித்தார். நான் பின்னால் நின்று ஒவ்வொரு தடவையும் ஆமாம் சொன்னேன். அவரை வெறுப்பதை நான் ஒரு நாளும் விடவில்லை. ஆனால் அன்றையிலிருந்து, அவரைக் கேவலமாக ஏதாவது நினைக்கத் தொடங்கினால் பாதியிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. மீதிப் பாதி என்னைப் பற்றியதாக ஆகிவிடுகிறது.